வேலிக்கு வெளியே நின்ற புல்

மாத்தளை,
19.05.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எத்தனையோ தடவை கோல் எடுத்துவிட்டேன். போன கிழமைதான் ஒரு முறை எடுத்தீர்கள். எடுத்தும் ஒரே ஒரு பேச்சு: "போன்ல நீ பேசினா நான் மயங்கிடுவேன். எழுதி அனுப்பு. எழுதினத ரெண்டு தரம் படிக்கலாம்." சரி, எழுதுகிறேன். வில்கமுவ பஸ் கொண்டக்டர் ஷெல்டன் அண்ணனிடம் கொடுக்கிறேன். பார்சல் இறக்குகிற மாதிரி உங்கள் கடையில் இறக்கிவிடுவார்.

முதலில் வேலை விஷயம். கோபம் பிறகு. உங்கள் கீழ்வயலில் உப்புப் பூத்து நெல் கருகிப் போன இரண்டு ஏக்கரில் தானாக வந்து படர்ந்ததே, அந்தப் புல்லின் கதிரைப் போன வருடம் கசக்கிப் பார்த்தேன். விதை இருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் இருந்தது. இங்கே மேல்மாடியில் போட்டேன், முளைத்தது. உப்பு மண்ணில் வளர்ந்து மாடும் விரும்பித் தின்னுகிற நாட்டுப் புல் இது. இதற்கு விதை மட்டும் போதுமான அளவு கிடைத்துவிட்டால் வில்கமுவ பக்கம் உப்பேறிச் சும்மா கிடக்கிற வயல் எல்லாவற்றிலும் விதைக்கலாம். அதனால்தான் என் ஆய்வுக்கு அந்த வயலை விடும்படி உங்களையும் மச்சானையும் அப்படிக் கெஞ்சினேன். நீங்களும் மாடுகளைக் கீழ்வயலில் இருந்து எடுத்து மேலே வாய்க்கால் கரையில் கட்டினீர்கள். நான் வயலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டேன்.

இந்த வருடம் மாட்டு வாய் படாமல் புல் முழங்காலளவு நிற்கிறது. வயல் முழுக்கப் பூ. ஆனால் பெருநாளன்று பறித்து வந்த கதிரைக் கசக்கினால் வெறும் உமிதான் வருகிறது. ஒரு விதைகூட இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, லாத்தா. தெரியவில்லை என்று எழுதவே கை கூசுகிறது.

இனிக் கோபம். விவசாயிகள் கூட்டத்தில் நான் சொன்னது பொய் இல்லை. மண்ணைச் சோதித்துத்தான் இனிக் கொஞ்சக் காலத்துக்கு அங்கே நெல் வராது என்று சொன்னேன். மச்சானின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பெருநாளில் இருந்து இன்றுவரை முகம் கொடுக்காமல் இருப்பது நியாயமா?

வயலின் நாலு மூலையில் இருந்தும் கதிர் பறித்து அனுப்புங்கள். மறுக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
அஸ்ரா

*

வில்கமுவ,
24.05.2024

அஸ்ராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அழுகை வந்தது, இரண்டாம் தரம் கோபம் வந்தது. கோபம் ஆறுவதற்கு முன்னால் எழுதுகிறேன்.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். அதை எங்கள் அடுப்படியில் வந்து சொல்லியிருந்தால் மச்சான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டிருப்பார். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "ஹாஷிமுடைய வயல்" என்றாய். அடுத்த நாள் எங்கள் மேல்வயலைக் குத்தகைக்குப் பேசி வைத்திருந்தவர் வரவில்லை. கீழே உப்பென்றால் மேலே ஏற எவ்வளவு நாள் ஆகும் என்று எங்கள் கடையிலேயே நின்று கேட்டிருக்கிறார். பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற மனிதர் இப்போது கடைசியில் போய் நின்று தொழுதுவிட்டு, ஸலாம் சொல்வதற்கும் நிற்காமல் வருகிறார். அதை நீ பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன்.

இன்னொன்று கேள். மச்சானின் பெரியப்பா மகன் பஸ்லி நானா கீழ்வயலைக் கேட்கிறார். செங்கல் அறுக்க அந்தக் களி நல்லதாம். அவருடைய பெக்கோ மெஷின் இப்போது பல்லேகமவில் வேலை செய்கிறது. அது முடிந்ததும், ஒக்டோபரில் பெரும்போக மழையோடு இங்கே கொண்டு வந்து மண்ணை வெட்டிக் குவித்துக்கொள்வாராம். வெட்டினால் பிறகு அது வயல் இல்லை, குழி. மச்சான் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் என்னிடம் சொன்னார்: "புல்லு வெத காட்டினா வயல வெச்சிக்குவேன். காட்டல்லன்டா நானாவுக்குக் கொடுத்துடுவேன். சும்மா பூத்து நிக்கிறதுக்கு வயல் எதுக்கு?"

கதிர் பறித்து பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறேன். நாலு மூலைக் கதிரையும் தனித்தனியாகத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். நீ கேட்டதற்காக இல்லை. அந்த வயலில் குழி விழுவதைப் பார்க்க எனக்கு முடியாது. அதற்காக.

கைறுன்னிஸா

*

மாத்தளை,
09.06.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டின் கிடைத்தது. நாலு மூலையும் உமிதான்.

ஆனால் ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். மச்சானுக்கும் சொல்ல வேண்டும், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

இந்தப் புல் பூப்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பூவிலும் முதலில் பெண் பாகம் வெளியே வரும். கொசுவின் மீசை அளவில் இரண்டு வெள்ளை இறகுகள். அவை காற்றில் நீட்டிக்கொண்டு மகரந்தத்துக்காகக் காத்திருக்கும். அவை வாடத் தொடங்கிய பிறகுதான் அதே பூவின் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். தேனும் இல்லை, வாசமும் இல்லை, தேனீயும் வராது. காற்று கொண்டுபோய்ப் போட்டால் உண்டு. இவ்வளவும் உங்கள் வயலில் ஒழுங்காக நடக்கிறது. மகரந்தம் இறகில் போய் விழுகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். விழுந்த மகரந்தம் உள்ளே வேர் மாதிரி ஒரு குழாயை விடத் தொடங்கி, பாதி வழியில் நின்றுவிடுகிறது. பூ அதை உள்ளே விடுவதில்லை.

சில புற்கள் அப்படித்தான். தன்னுடைய மகரந்தம் என்று தெரிந்தால் ஏற்காது. வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். அப்படியானால் அந்த மூலைக்கு இந்த மூலை வேறு செடிதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூலைக்கு மூலை பிடுங்கி வந்த புல்லை மேல்மாடியில் சாடிகளில் வைத்து, ஒன்றின் மகரந்தத்தை ஒன்றில் தூரிகையால் தடவிப் பார்த்தேன். எதுவும் காய்க்கவில்லை. லாத்தா, இரண்டு ஏக்கரிலும் நிற்பது ஒரே ஒரு செடி. மண்ணுக்குக் கீழே தண்டை ஓட்டி ஓட்டி வயல் முழுக்கப் படர்ந்திருக்கிற ஒரே செடி. குறை புல்லில் இல்லை என்று மச்சானிடம் சொல்லுங்கள். அதற்குத் துணை இல்லை, அவ்வளவுதான்.

போன வருடம் துணை இருந்திருக்கிறது, விதை வந்ததே. அது எங்கே நின்றது என்று தேடித்தான் இந்தக் கிழமை முழுக்க அலைந்தேன். லக்கல பக்கம் வற்றிய குளங்களின் ஓரமெல்லாம் பார்த்தேன். யானை நிற்கிறது என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன இடத்தில் எல்லாம் வேறு புல்தான்.

பஸ்லி நானாவை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். என்னால் வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

அஸ்ரா

*

வில்கமுவ,
30.06.2024

அஸ்ராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். பிறகு வேலியோரம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்ததை அடுப்படி ஜன்னலால் கண்டேன். கேட்டால் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தாராம்.

பஸ்லி நானா வந்து வயலை அளந்துவிட்டுப் போனார். வேலிக்குள்ளே இறங்கி, பூ எண்ணுவதற்கு நீ கட்டம் போட்டிருக்கிற ஆணிகளையும் நூலையும் மிதித்துக்கொண்டு நடந்தார். நான் சத்தம் போட்டேன். நம் வீட்டுக்கு வந்த மனிதரிடம் இப்படியா பேசுவது என்று மச்சான் என்னைக் கடிந்தார். அன்றிலிருந்து வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. நிறுத்தி வை என்று நீ லேசாக எழுதிவிடுகிறாய்.

மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் முறைக்குத்தான் வருகிறது. ஊரில் மற்றவர்களின் மாடெல்லாம் எலும்பும் தோலுமாக நிற்கிறது. நம்முடையது பரவாயில்லை. வாய்க்கால் கரையில் கட்டச் சொன்னாயே, அது ஒன்றுதான் நீ எங்களுக்குச் சொன்ன நல்ல காரியம். அங்கேயும் அதே புல்தானே, வெட்ட வெட்டத் தழைக்கிறது. மாடுகள் அதைத் தரையோடு நக்கி எடுத்துவிடுகின்றன, அடுத்த கிழமை மறுபடியும் பச்சை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பால் வண்டிக்கு ஊற்றுவது போக வீட்டுக்கும் மிஞ்சுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல்லு. நாம் சண்டை என்று அவவுக்குத் தெரிய வேண்டாம்.

கைறுன்னிஸா

*

மாத்தளை,
14.07.2024

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு விஷயத்தை நான் கவனிக்காமலே விட்டுவிட்டேன். நேற்று மேல்மாடிக்குப் போன பிறகுதான் உறைத்தது.

வேலி போட்ட அன்று வாய்க்கால் கரையில் இருந்தும் ஒரு பிடி புல் பிடுங்கி வந்திருந்தேன். அதே புல்தானே என்று ஓரத்தில் ஒரு சாடியில் வைத்து மறந்துபோனேன். இவ்வளவு நாளும் குட்டையாகவே கிடந்தது. நான் லக்கலயில் அலைந்த நாட்களில் அது பூத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருந்த வயல் சாடியின் கதிரைச் சும்மா கசக்கினேன். உள்ளங்கையில் விதை விழுந்தது. பிறகு கரைச் சாடியின் கதிரையும் பார்த்தேன். அதிலும் விதை. தூரத்துச் சாடிகளில் ஒன்றுமில்லை.

கண்ணுக்கு இரண்டும் ஒரே புல். ஆனால் இரண்டு செடி. நான் லக்கல முழுக்கத் தேடிய துணை உங்கள் வாய்க்கால் கரையில் நிற்கிறது.

போன வருடம் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மாடுகள் கீழ்வயலில் மேய்ந்தன. கரைப்பக்கம் அவை போகவில்லை, அங்கே புல் வளர்ந்து பூத்தது. அந்த மகரந்தம் காற்றில் இறங்கி, வயலில் மாட்டு வாய்க்குத் தப்பி நின்ற கொஞ்சக் கதிரில் விழுந்தது. அந்த விதையைத்தான் நான் பொறுக்கினேன். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வயலுக்கு வேலி போட்டேன். மாடுகளைக் கரையில் கட்டச் சொன்னேன். வயலைக் காப்பாற்றிவிட்டு, அதன் துணையை மாட்டுக்குத் தீனியாகக் கொடுத்துவிட்டோம். வயல் இந்த வருடம் பூராவும் பூத்துக் காத்திருக்கிறது, வாய்க்கால் கரையில் ஒரு பூவும் தலை எடுக்க வழியில்லை. நம் வேலிதான் இந்த வருட விதையைக் கெடுத்தது. உங்களுக்கு நான் சொன்ன ஒரே நல்ல காரியம் இதுதான்.

இனி நான் கேட்கப் போவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மாடுகளைக் கரையில் இருந்து எடுங்கள். இப்போது எடுத்தால் அடுத்த மாதம் பூக்கும், அதற்கடுத்த மாதம் விதை முற்றும். பெக்கோ வருவதற்கு முன் மச்சானின் கையில் அவருடைய வயல் விதையைக் கொடுக்கலாம். சாடியைக் கொண்டு வந்து வயலோரம் வைக்கலாம் என்றால் ஒரு சாடிப் பூ இரண்டு ஏக்கருக்கு எங்கே காணும்? இந்த மகரந்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பவும் முடியாது. பூவை விட்டு வந்து கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும்.

சாடியில் காய்த்ததில் கொஞ்சம் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். மச்சானிடம் காட்டுங்கள்.

அஸ்ரா

*

வில்கமுவ,
18.07.2024

அஸ்ரா,

மச்சானிடம் காட்டினேன். "மாத்தளையில காய்ச்சா மாத்தளையில வெதைக்கட்டும்" என்றார்.

மாட்டை எடு என்கிறாய். எடுத்து எங்கே கட்ட? ஊரில் பச்சை என்று இருப்பது இரண்டே இடம். ஒன்று அந்தக் கரை. மற்றது உன் வேலிக்குள்ளே இருக்கிறது. வைக்கோல் கேட்டுப் பார்த்தேன், வைத்திருப்பவர்கள் தங்கள் மாட்டுக்கே போதாது என்கிறார்கள். கன்றுக்குப் பால் கொடுக்கிற மாட்டை நான் பட்டினி போட முடியாது.

அதனால் இப்படிச் செய்யலாம். வேலியை நடுவில் வெட்டித் திறந்துவிடுகிறேன். கரையோரப் பாதியை உன் விதைக்கு விட்டுவிட்டு, மற்றப் பாதியில் மாடுகள் மேயட்டும். கரை பூக்கட்டும். உனக்கு விதை, எனக்கு மாடு.

நீ கட்டம் கட்டமாக நூல் போட்டுப் பூவை எண்ணிக்கொண்டிருப்பது மாடு மேயப் போகிற அந்தப் பாதியில்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். நீ என் மாட்டைக் கேட்டாய். நான் உன் கட்டத்தைக் கேட்கிறேன். சொல்லு, சம்மதமா?

கைறுன்னிஸா

*

மாத்தளை,
21.07.2024

லாத்தா,

முடியாது.

அந்தக் கட்டங்களில் இருப்பது வேலி போட்ட நாளில் இருந்து செய்த வேலை. எத்தனை தண்டு, எத்தனை கதிர், எப்போது பூத்தது, எல்லாம் மாட்டு வாய் படாத புல்லில் எடுத்த கணக்கு. ஒரு நாள் மாடு இறங்கினால் போதும், அத்தனையும் குப்பை. டிசம்பரோடு என் உதவித்தொகை முடிகிறது. என் மேற்பார்வையாளர் டொறீன் மிஸ்ஸிடம் பேசினேன். கட்டம் போனால் ஆய்வு போனது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. பிறகு யாரும் எனக்கு இன்னொரு தடவை வேலி போட்டுத் தர மாட்டார்கள்.

ஒரு லொறி வைக்கோலுக்கு இங்கே நான் யாரையாவது பிடிக்கிறேன். அதுவரை மாடுகளை வேறெங்காவது பாருங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள்தானே. வேலியில் மட்டும் கை வைக்காதீர்கள். வயல் உங்களுடையது, வேலி என்னுடையது.

அஸ்ரா

*

வில்கமுவ,
11.08.2024

அஸ்ராவுக்கு,

உன் லொறி வரவில்லை.

நான் வேலியில் கை வைக்கவில்லை. உன் கடிதம் கிடைத்த அன்றே மாடுகளைக் கரையில் இருந்து அவிழ்த்துவிட்டேன். மச்சானோடு இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் அவரே மாடுகளை ஓட்டிக்கொண்டு யானை வேலிக்கு அந்தப் பக்கம், காட்டோரம் போகத் தொடங்கினார். அங்கே கொஞ்சம் புல் இருந்தது. ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாரோ என்ற பயம். சுபஹுத் தொழுதுவிட்டுப் போவார், அஸருக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வருவார். நான் ஒவ்வொரு நாளும் அந்த நேரம் வரைக்கும் துஆ ஓதிக்கொண்டே இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை கொம்பன் ஒன்று பற்றைக்குள் நின்றிருக்கிறது. மாடுகள் சிதறி ஓடின. மச்சான் கன்றைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்து, கல்லில் தடுக்கி விழுந்து, வலது கையும் தோள் எலும்பும் முறிந்துவிட்டது. யானை அவரை ஒன்றும் செய்யவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். கன்றைத்தான் மிதித்துவிட்டது. செவலை இன்னும் பால் சுரக்கவில்லை. அது அடி வயிற்றில் இருந்து கத்துகிறது, எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத்தான் முடிகிறது.

மச்சான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டார். நான் அவருக்குச் சோறு ஊட்டுகிறேன். இதற்கு நீ காரணம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறேன்: நீ காரணம். நானும் காரணம். எல்லோரும் பார்க்கிறார்கள்தானே என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

மாடுகள் பட்டியில் நிற்கின்றன. அவற்றுக்குப் போட ஒன்றுமில்லை. நாளை நாளன்றைக்கு மறுபடியும் கரையில் கட்டத்தான் வேண்டும். கரையில் கதிர் தலை நீட்டத் தொடங்கியிருக்கிறது. நீ பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அதனால் எழுதுகிறேன்.

கைறுன்னிஸா

*

மாத்தளை,
18.08.2024

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கையில் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று நாம் பேசவில்லை. நீங்கள் பட்டியில் நின்றீர்கள், நான் வயலில் நின்றேன். பேசாததை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட பாதியில் கம்பி வெட்டுவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அதுதான் எனக்கு வேதனை. மாடுகள் உள்ளே வந்ததும் முதலில் போய் நின்றது முதலாவது கட்டத்தில். செவலை நூலோடு சேர்த்துத் தின்னப் பார்த்தது. நான் போய் நூலை வாயில் இருந்து இழுத்து எடுத்தேன், பிறகு நானே எல்லா ஆணியையும் பிடுங்கினேன். அழுதேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆமாம், அழுதேன். அது கட்டத்துக்காகவா, கன்றுக்காகவா, உங்களுக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மச்சானைப் பார்க்க வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று மன்னியுங்கள் என்று சொன்னேன். அவர் மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் எழுதிய அந்த வரியை நீங்களும் மன்னிக்க வேண்டாம், லாத்தா. அதை எழுதும்போது எனக்கு உங்கள் மாடு ஞாபகமில்லை, மச்சான் ஞாபகமில்லை, என் கணக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

டொறீன் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அவ, "வெத வந்தா ஒரு பிடி கொண்டா. அத வெச்சி மறுபடியும் கேட்டுப் பாப்போம்" என்றா. சாடியில் காய்த்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்; வயலில் இருந்து ஒரு பிடி இருந்தால் முளைப்புச் சோதனை செய்யலாம், உப்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாம், இன்னொரு வருடத்துக்கு உதவித்தொகை கேட்கலாம். அது இல்லாவிட்டால் டிசம்பரோடு என் படிப்பு முடிந்தது. உங்களை நெருக்க எழுதவில்லை. நிலைமை இதுதான்.

விதை முற்றினால் கதிர் வைக்கோல் நிறத்துக்கு வரும். தட்டினால் கொட்டும். துணியை விரித்துத் தட்டுங்கள். நான் வரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

அஸ்ரா

*

வில்கமுவ,
13.10.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. பயத்தால். கரை பூத்தது, நீ சொன்ன வெள்ளை இறகையும் நான் குந்தி இருந்து பார்த்தேன். ஆனால் காய்க்காமல் போனால் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

காய்த்தது. முதலில் கண்டது நான் இல்லை, மச்சான். கைக்கட்டோடு வேலியோரம் போய் நின்று, இடது கையால் ஒரு கதிரை உருவி, பல்லில் கடித்துப் பார்த்தாராம். உள்ளே வந்து, "மாவு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விதைப் பாதிக்குள்ளே அவர் மாட்டை மட்டும் இல்லை, என்னைத் தனியாகவும் விடவில்லை. ஒற்றைக் கையால் அவரே தட்டினார், நான் துணியைப் பிடித்தேன். மாடு மேயாத பாதியில்தான் கிடைத்தது, அதிலும் கரையோரத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. எல்லாம் சேர்த்து, அரிசி அளக்கிற சுண்டால் ஒரு சுண்டு வந்தது. நான் அதைத் தாளில் கொட்டிக் காயவைத்து, உனக்கு அனுப்பப் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்தேன்.

போன புதனுக்கு முந்தின புதன்கிழமை இரவு, போகத்தின் முதல் மழை பெய்தது. விடிந்து நான் மாட்டுப் பட்டிக்குப் போய்விட்டு வருகிறேன், தாளில் விதை இல்லை. மச்சான் வயலில் நின்றார். புல்லும் இல்லாமல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்குமே, தெற்கு மூலை, அங்கே சுண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பிஸ்மி சொல்லிச் சொல்லி நெல் வீசுகிற மாதிரி இடது கையால் வீசிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். போகும்போதே அஸ்ராவுக்கு ஒரு பிடி, அஸ்ராவுக்கு ஒரு பிடி என்று கத்த வேண்டும் என்று நினைத்தேன். வரம்பில் ஏறி அவர் வீசுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அந்த மனிதர் அந்த வயலில் விதை வீசி மூன்று வருடம், தங்கச்சி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசிப் பிடியும் போனது.

பத்து மணி போல பஸ்லி நானா வந்தார். ரோட்டில் லொறி, அதற்கு மேலே பெக்கோ. அதை இறக்கப் பலகை போட்டுவிட்டார்கள். மச்சான் சேற்றுக் காலோடு வரம்பில் ஏறி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நானா, அது வெதச்ச வயலு. எறங்க வாணாம்."

இங்கே விதைத்த வயலில் யாரும் கால் வைப்பதில்லை, பகையாளியும் வைக்க மாட்டான். பஸ்லி நானா என்ன விதைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. பலகையை எடுக்கச் சொன்னார், லொறி திரும்பிப் போனது.

உன் ஒரு பிடி போய்விட்டது. அதை வைத்து நீ கேட்கவிருந்த வருடமும் போயிருக்கலாம். நான் தடுக்கவில்லை, தடுத்திருக்க முடியும். இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம், இந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் படி. இன்று மச்சானும் நானும் போய்ப் பார்த்தோம். தெற்கு மூலையில் ஊசி மாதிரி முளைத்திருக்கிறது. எண்ணிச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. நூலும் ஆணியும் எடுத்துக்கொண்டு நீ வர வேண்டுமாம். இதை மச்சான் சொல்லச் சொன்னார்.

உன் லாத்தா,
கைறுன்னிஸா